பூனையா, ஆமையா?

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் இருக்கும் அக்கா பிள்ளைகளுக்கு கணினி நிரல் எழுதப் பழக்கத் தேடியதில் கடைசியில் மிஞ்சியவை இரண்டு: ஸ்கிராட்ச், பைத்தான் என்ற நிரல் மொழியோடு சேர்ந்தே வரும் டர்ட்டில் (ஆமை). இரண்டும் இலவசம். ஒருமுறை இறக்கி நிறுவிவிட்டால் இணையமும் தேவையில்லை. கச்சான் காற்றில் சிக்னல் போனாலும் வேலை நிற்காது.

ஸ்கிராட்ச், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மீடியா லேப் 2007-இல் வெளியிட்டது. வண்ணக் கட்டைகளை இழுத்து ஒட்டினால் திரையில் பூனை நடக்கும். எழுத்துப்பிழைத் தொல்லை கிடையாது. ஒன்பது வயதுக்காரி முதல் வாரமே பூனையைத் தூக்கிவிட்டு ஒரு சூடை மீனை வரைந்தாள், எதிரே வலையை ஓடவிட்டாள். ‘வலையைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது’ என்று கட்டையை மாட்டியபோதே நிபந்தனை என்றால் என்னவென்று புரிந்துகொண்டாள். நான் ஒன்றும் விளக்கவில்லை.

டர்ட்டிலில் எல்லாம் தட்டச்சுதான், அதுவும் ஆங்கிலத்தில். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனாலும் சிவப்பில் திட்டும். தங்கச்சிக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் எட்டாவது படிக்கும் அண்ணன், திரையில் கோடு போட்டுக்கொண்டே போகும் ஆமை 100 புள்ளி நகர்ந்து 144 பாகை திரும்புவதை 5 முறை செய்தால் நட்சத்திரம் வரும் என்று பார்த்ததும் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. பழைய மடிக்கணினியே போதும்.

பத்து வயதுக்குள் என்றால் நான் பூனையைத்தான் சொல்வேன். எட்டாம் வகுப்புக்காரனுக்கு நேரே ஆமை. இரண்டையும் போனில் மட்டும் முயல வேண்டாம், கண்தான் வலிக்கும்.