படத்தைக் கிளிப்போர்டில் ஏற்றும் கட்டளைகள்: மூன்றாண்டு அனுபவம்

பவானியில் ஜமக்காளம் விற்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "ஏனுங்க, எழுத்தைக் காப்பி பண்ற மாதிரி படத்தையும் கமாண்டுலயே காப்பி பண்ண முடியுங்களா?" முடியும் என்று உடனே பதில் அனுப்பிவிட்டேன். எந்தக் கணினியில், எவ்வளவு தொல்லையோடு என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

திருப்பூரில் பனியன்களுக்கான அச்சு டிசைன்களைத் தயாரிப்பது என் தொழில். பையருக்கு, அதாவது துணி வாங்கும் நிறுவனத்தாருக்கு, நாள்தோறும் பத்துப் பதினைந்து படங்களை மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப் வெப்பிலும் ஒட்டி அனுப்புகிறேன். படத்தை உருவாக்கும் ஸ்கிரிப்ட்டே (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த சிறு நிரல்) அதைக் கிளிப்போர்டிலும், அதாவது காப்பி செய்தது ஒட்டுவதற்குத் தயாராக இருக்கும் இடத்திலும், ஏற்றிவிடுவதால், கோப்பைத் தேடி இழுத்துவிடும் வேலை எனக்கு இல்லை.

அலுவலகத்தில் விண்டோஸ், டிசைன் அறையில் மேக், வீட்டில் லினக்ஸ். விண்டோஸின் கிளிப் கட்டளையும் மேக்கின் பிபிகாப்பியும் எழுத்தை மட்டுமே ஏற்கும். படத்துக்கு, விண்டோஸில் பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரம் வழியாகச் செட்இமேஜ் என்ற கட்டளை, மேக்கில் ஓஎஸ்ஏஸ்கிரிப்ட் கட்டளை வழியாக ஆப்பிள்ஸ்கிரிப்ட் மொழியில் வரி ஒன்று. இரண்டையும் ஒருமுறை எழுதி வைத்ததோடு சரி. செட்இமேஜ் வழியில் பிஎன்ஜி படத்தின் ஒளிபுகும் பின்புலம் தங்குவதில்லை என்பதால், அங்கே வெள்ளை பூசியே அனுப்புகிறேன்.

என் பொறுமையைச் சோதித்தது வீட்டு லினக்ஸ் கணினியில் இதே வேலையைச் செய்யும் எக்ஸ்கிளிப் என்ற கட்டளை. கிளிப்போர்டு என்று குறிப்பிடாவிட்டால் அது படத்தை, மவுஸின் நடுப்பொத்தானால் ஒட்டும் வேறொரு இடத்தில் வைத்துவிடும். இமேஜ்/பிஎன்ஜி என்று வகையைச் சொல்லாவிட்டால் எழுத்தாகவே நீட்டும். இவை ஒரே நாளில் பழகிவிட்டன. பழகாதது, அதை அழைக்கும் ஸ்கிரிப்ட் முடியாமல் தொங்கி நிற்பதுதான். படம் பெரிதாக இருப்பதால் நிற்கிறது என்று எண்ணி, அளவைக் குறைத்துக் குறைத்து ஒரு மாலைப்பொழுதையே இழந்திருக்கிறேன்.

உண்மைக் காரணம், லினக்ஸில் திரையையும் சாளரங்களையும் கவனிக்கும் எக்ஸ்11 அமைப்பிலேயே இருக்கிறது. அங்கே கிளிப்போர்டு என்பது பொருளை வாங்கி அடுக்கும் கிடங்கு அன்று. காப்பி செய்த நிரல் "என்னிடம் இருக்கிறது" என்று அறிவித்துவிட்டு, யாராவது ஒட்டும்போது தானே எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆகவே எக்ஸ்கிளிப், வேறொரு நிரல் எதையாவது காப்பி செய்யும்வரை, பின்னணியில் உயிரோடு காத்திருக்கிறது. நிரல் தன் வெளியீட்டை எழுதும் வழியான ஸ்டாண்டர்ட் அவுட்புட்டும் திறந்தே கிடப்பதால், அந்த வெளியீட்டைப் படித்து முடிக்கக் காத்திருக்கும் ஸ்கிரிப்ட்டும் உடன் காத்திருக்கிறது. வெளியீட்டை, எதைக் கொட்டினாலும் விழுங்கிவிடும் டெவ்-நல்லுக்குத் திருப்பிவிட்டால் தீர்ந்தது. ஆனால் புதிய ஸ்கிரிப்ட் எழுதும் ஒவ்வொரு முறையும் இதை மறந்து மாட்டிக்கொள்கிறேன்; நேற்றிரவும் மாட்டிக்கொண்டேன்.

இதே காத்திருப்புதான் நான் எதிர்பாராத மகிழ்ச்சியையும் தந்தது. என் லினக்ஸ் மடிக்கணினியில் எக்ஸ்11-க்குப் பதிலாக வேலண்ட் என்ற புதிய அமைப்பு இருப்பதால், அங்கே எக்ஸ்கிளிப்புக்குப் பதில் டபிள்யூஎல்-காப்பி என்ற கட்டளை. அதுவும் பின்னணியில் காத்திருந்தே படத்தைக் கொடுக்கிறது. வகையைப் பெரும்பாலும் தானே கண்டுகொள்கிறது. அதில் பேஸ்ட்-ஒன்ஸ் என்றொரு விருப்பம் உண்டு: ஒருமுறை ஒட்டியதும் நிரல் விலகிவிடும், படமும் போய்விடும். ஒரு பையரின் டிசைன் இன்னொரு பையரின் உரையாடலில் தவறிப்போய் விழுந்தால் ஆர்டரே போய்விடும் எங்கள் ஊரில், இதன் அருமையை விளக்கத் தேவையில்லை. காப்பி செய்பவற்றையெல்லாம் சேர்த்து வைக்கும் கிளிப்போர்டு மேலாளர் நிரல் ஓடினால் அந்த ஒரு வாய்ப்பை அது எடுத்துக்கொள்ளும் என்பதால், அதை நிறுத்திவிட்டேன்.

இவ்வளவு பாராட்டினாலும், லினக்ஸ் வழியை நண்பருக்கு நான் பரிந்துரைக்கவில்லை. நாளுக்கு இரண்டு ஜமக்காளப் படம் அனுப்புபவருக்கு இழுத்துவிடுவதே போதும். அவர் விண்டோஸ் வைத்திருப்பதால், வேண்டுமானால் பவர்ஷெல் வரியை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக் கணினியில் இந்த ஞாயிற்றுக்கிழமை வேலண்டுக்கு மாறுகிறேன். எக்ஸ்கிளிப்பை அழைக்கும் ஸ்கிரிப்ட்டுகள் பதினொன்று இருக்கின்றன, அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும்.