தீவிர சிகிச்சைப் பிரிவில் கைத்தொற்று நீக்கி: சுவர் டிஸ்பென்சரா, கட்டில் போத்தலா?

வன்னியில் ஒரு சிறிய தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பொறுப்பான தாதி நான். சுவரில் பூட்டும் தானியங்கி டிஸ்பென்சரைத் தொடர்வதா, கட்டிலில் மாட்டும் பம்ப் போத்தலுக்கு மாறுவதா என்று எங்களிடம் கேட்டார்கள். போத்தலைத் தேர்ந்தோம். இதே முடிவை எடுக்கவிருக்கும் பிரிவுகளுக்காக இதை எழுதுகிறேன்.

கிருமியைக் கொல்வதில் வித்தியாசம் இல்லை. உள்ளே அற்ககோல் சரியான செறிவில் இருந்தால் எதிலிருந்து வந்தாலும் ஒன்றுதான். டிஸ்பென்சரைத் தொடவேண்டியதில்லை, பார்வையாளரும் தயங்காமல் கையை நீட்டுவார்கள். வாசலுக்கு அது நல்லது, எங்கள் வாசலில் இன்னும் ஒன்று இருக்கிறது.

கட்டிலடிக்கு வந்தால் கதை வேறு. கையைச் சுத்தம் செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்களும் நோயாளியைச் சுற்றியே வருகின்றன. சளியை உறிஞ்சி எடுத்த கையோடு அடுத்து மத்திய நாளக் குழாயை (பெரிய நாளத்துக்குள் செலுத்தியிருக்கும் குழாய்) தொடவேண்டிய தாதி, சுவர் வரை நடந்துபோய் வரமாட்டார். கை எட்டும் தூரத்தில் இருந்தால் செய்வார்.

ஆனாலும் எங்கள் முடிவைத் தீர்மானித்தது தூரம் அல்ல, மீள்நிரப்பல். நாங்கள் வைத்திருந்த டிஸ்பென்சருக்கு அதே நிறுவனத்தின் பை மட்டும்தான் பொருந்தும். பை முடிந்தால் விலைமனு, கையொப்பம், பிறகு கொழும்பிலிருந்து லொறி. பற்றரி போனாலும் இதே கதை. 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு வந்தபோது, ஒரே ஒரு வழங்குநரை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்று எல்லாருக்கும் தெரிந்தது. இன்னொன்று, மூடிய பெட்டிக்குள் மருந்து தீர்ந்திருப்பது வெளியே தெரியாது. நள்ளிரவில் கையை நீட்டிய பிறகுதான் தெரியும்.

போத்தலை எங்கள் மருந்தகமே நிரப்பலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கலவை எளிது. 10 லீற்றருக்கு 96% எதனோல் 8333 மில்லிலீற்றர், 3% ஐதரசன் பேரொட்சைட்டு 417, 98% கிளிசரோல் 145. மீதிக்குக் காய்ச்சி வடித்த நீர், அல்லது கொதிக்கவைத்து ஆறிய நீர். கலந்த பிறகு 72 மணி நேரம் மூடி வைக்கவேண்டும். போத்தலுக்குள் பற்றீரியா வித்துகள் (அற்ககோலுக்குச் சாகாத உறங்குநிலை வடிவங்கள்) இருந்தால் அந்த நேரத்தில்தான் பேரொட்சைட்டு அவற்றை அழிக்கும். ஆகவே ஒரு தொகுதி பாவனையில் இருக்கும்போதே அடுத்தது தயாராகியிருக்க வேண்டும். எதனோலுக்கான அனுமதிக் கடிதங்களையும் முன்கூட்டியே முடித்துவிட வேண்டும்.

போத்தலுக்கும் வேலை உண்டு, அதை மறைக்க மாட்டேன். பாதி இருக்கும்போது மேலே ஊற்றி நிரப்பக் கூடாது. வெறுமையான போத்தலைக் கழுவி, தொற்று நீக்கி, நன்றாகக் காயவைத்த பிறகே நிரப்பவேண்டும். ஒரு தடவைக்கு 3 மில்லிலீற்றர் என்று வைத்தால் 500 மில்லிலீற்றர் போத்தல் 160 தடவைக்குச் சற்று மேல் வரும். தீவிர சிகிச்சைக் கட்டிலுக்கு அது நெடுநாள் தாங்காது. அதனால் ஒவ்வொரு கட்டிலுக்கும் மாற்றுப் போத்தல் வேண்டும். மட்டம் பார்ப்பதை வேலை முறை மாறும்போது நடக்கும் கையளிப்பிலேயே சேர்த்துவிட்டோம். உறிஞ்சு கருவியையும், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் அம்பு பையையும் பார்க்கும் அதே நேரத்தில் போத்தலையும் பார்க்கிறார்கள்.

தீப்பற்றும் அபாயம் இரண்டுக்கும் பொது. 80% எதனோலின் ஆவி ஏறத்தாழ 17.5 பாகை செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடியது. வன்னி வெயிலில் களஞ்சியம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கட்டிலடியில் தேவையானதை மட்டும் வைத்து, மிகுதியை ஒட்சிசனிலிருந்து தள்ளிக் குளிர்ந்த, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

சவர்க்காரமும் தண்ணீரும் இரண்டு தெரிவிலும் கட்டாயம். கையில் இரத்தம் தெரிந்தாலோ, குளொஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற, வித்துகளை உருவாக்கும் பற்றீரியாவால் வந்த வயிற்றோட்டம் என்றாலோ அற்ககோல் போதாது. ஆனால் எங்கள் பக்கத்துக் கிணற்று நீர் கடினநீர். சவர்க்காரம் நுரைக்காது, அடிக்கடி கழுவினால் தோல் வெடிக்கும். வெடித்த கையோடு யாரும் மறுபடி கழுவ விரும்பமாட்டார்கள். கிளிசரோல் கலந்த மருந்தைத் தாதியர் விரும்புவதற்கு அதுவும் காரணம். கழுவ 40 முதல் 60 விநாடி, இதற்கு 20 முதல் 30 விநாடிதான்.

என் அனுபவம் சில கட்டில்கள் கொண்ட பிரிவோடு நிற்கிறது. பெரிய பிரிவில் போத்தல் கழுவுவதற்கே தனி ஆள் தேவைப்படலாம், அங்கே கணக்கு மாறவும் கூடும். எதனோலுக்குப் பதிலாக ஐசோபுரோப்பைல் அற்ககோல் சேர்க்கும் கலவையை நாங்கள் செய்து பார்த்ததில்லை.

சரி, டிஸ்பென்சர்தான் வேண்டும் என்றால், எந்த நிறுவனத்தின் மருந்தையும் ஊற்றலாமா, உள்தொட்டியைக் கழற்றிக் கழுவலாமா என்று விலைமனுக் கோரும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.