சிவிசிஆர்எம்: மென்பொருள் இலவசம், பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்

எங்கள் தொண்டு நிறுவனத்தில் கொடையாளர் விவரமெல்லாம் ரொம்ப காலம் எக்ஸெல்லில்தான் இருந்தது. பொருளாளரிடம் ஒரு கோப்பு, நிகழ்ச்சிகளைக் கவனிப்பவரிடம் ஒன்று, என்னிடம் ‘கடைசி’, ‘கடைசி புதியது’, ‘இதுதான் கடைசி’ என்று மூன்று. ஒரே அம்மாவுக்கு ஒரே நன்றிக் கடிதம் மூன்று முறை போய், “நான் கொடுத்த பணம் தபால்தலைக்குத்தான் போகிறதா?” என்று அவர் கேட்ட பிறகுதான் புத்தி வந்தது.

அப்படித்தான் சிவிசிஆர்எம்முக்கு வந்தோம். தொண்டு நிறுவனங்கள் கொடையாளர் விவரங்களை வைத்துக்கொள்வதற்கென்றே செய்தது, 2005 முதல் இருக்கிற திறமூல மென்பொருள், உரிமக் கட்டணம் கிடையாது. வேர்ட்பிரஸ், ட்ரூப்பல், ஜூம்லா என்ற இணையதள மென்பொருள்களில் அமைத்த தளங்களோடு சேர்ந்து ஓடும், இப்போது தனியாகவும் நிறுவலாம். விற்பனைக்காகச் செய்த மென்பொருள்களில் எல்லாரும் வாடிக்கையாளர்தான், அதைத் தொண்டு நிறுவனத்துக்கு வளைப்பதற்குள் நாம் வளைந்துவிடுவோம். இதில் தொடக்கத்திலேயே தனிநபர், குடும்பம், அமைப்பு என்று மூன்று வகை இருக்கிறது. கணவனும் மனைவியும் தனித்தனியாகக் கொடுத்தாலும் ஒரே வீடு என்று அதற்குத் தெரியும் (நாம் சொல்லிக்கொடுத்தால்). ஒரு கம்பெனி காசோலை அனுப்புகிறது, ஆனால் அதை வாங்கித் தந்தவர் அங்கே வேலை பார்க்கும் நம் பழைய தன்னார்வலர் என்றால், பணம் கம்பெனி பெயரிலும் அதற்கான பெருமை அவர் பெயரிலும் பதிவாகும். யாருக்கு ரசீது, யாருக்கு நன்றி என்ற குழப்பம் அதோடு போயிற்று.

ஆனால் எனக்கு இதில் பிடித்ததே ஓர் அறிக்கைதான். லைபண்ட் என்று பெயர், நிதி திரட்டுகிறவர்கள் வட்டத்தில் பழைய சொல். போன வருடம் கொடுத்தார், இந்த வருடம் இன்னும் கொடுக்கவில்லை, அப்படிப்பட்டவர்களின் பட்டியல். நாங்கள் புதுக் கொடையாளர்களைத் தேடி சமூக வலைத்தளங்களில் மாய்ந்து மாய்ந்து பதிவு போட்டுக்கொண்டிருந்தபோது, பழையவர்கள் சத்தமில்லாமல் நழுவிக்கொண்டிருந்தது அந்தப் பட்டியலைத் திறந்த அன்றுதான் தெரிந்தது. போன் போட்டுக் கேட்டால் பாதிப் பேருக்குக் கோபமெல்லாம் இல்லை, “நீங்கள் கேட்கவே இல்லையே” என்றார்கள். எக்ஸெல்லிலும் இதை எடுத்திருக்கலாம், சரிதான், ஆனால் யார் எடுத்தார்கள்?

இரட்டைப் பதிவுகளைப் பிடிக்கும் வசதியும் நன்றாக இருக்கிறது. பெயர் ஒத்துப்போனால் இத்தனை மதிப்பெண், மின்னஞ்சல் ஒத்துப்போனால் இத்தனை என்று நாமே வைக்கலாம், கூட்டுத்தொகை நாம் வைத்த அளவைத் தொட்டால் ‘இவரும் அவரும் ஒருவர்தானா?’ என்று காட்டும். சேர்ப்பதா வேண்டாமா என்பதை ஒரு மனிதர் உட்கார்ந்து பார்ப்பதுதான் நல்லது. அப்பா, மகன் இருவருக்கும் ஒரே மின்னஞ்சல் இருக்கும் வீடுகள் நிறைய.

இனி தொல்லைகள். திரைகள் அழகாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எங்கள் புதுத் தன்னார்வலர் ஒருவர் முதல் நாள் மெனுக்களைப் பார்த்துவிட்டு, எதை அழுத்தினால் என்ன வெடிக்கும் என்று கேட்டார். மாதாமாதம் புதிய பதிப்பு வரும், பாதுகாப்புத் திருத்தங்களைத் தள்ளிப்போடவும் முடியாது, கொடையாளர் விவரம் அல்லவா. மொத்த மின்னஞ்சல் அனுப்ப வேண்டுமானால் சர்வரில் குறித்த நேரத்துக்கு ஒரு வேலை தானாக ஓடும்படி அமைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ‘அனுப்பு’ என்று அழுத்தியது வரிசையில் அப்படியே கிடக்கும். எங்கள் முதல் செய்திமடல் இரண்டு நாள் அப்படிக் கிடந்தது. அது போதாதென்று 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் எல்லாம் கேட்கின்றன, அதாவது மின்னஞ்சல் உண்மையிலேயே நம்மிடமிருந்துதான் வருகிறது என்பதற்கான அடையாளங்கள். இதை எந்த மென்பொருளும் நமக்காகச் செய்துவிடாது, டொமைன் அமைப்புகளில் நாமே போட வேண்டும்.

ஆகவே, சர்வர் என்றால் பயப்படாத ஓர் ஆள் உங்களிடம் இருந்தால் தாராளமாக எடுக்கலாம். இல்லையென்றால் மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு பராமரித்துத் தருகிறவர்களிடம் கொடுங்கள். கொடையாளர்களே நூறு பேர்தான் என்றால் இரண்டும் வேண்டாம், ஒரே ஒரு எக்ஸெல், ஒரே ஒரு பொறுப்பாளர், அது போதும்.

எடுப்பவர்களுக்கு ஒன்று. பழைய கோப்பை ஏற்றும்போது முதலில் இருபது வரி மட்டும் ஏற்றிப் பாருங்கள், அதற்கும் முன்னால் ஒரு பேக்கப். நான் முழுவதையும் ஒரே மூச்சில் ஏற்றினேன், தேதி வடிவத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டு. 12-க்கு மேல் நாள் இருந்த வரிகளைப் பிழை என்று வெளியே தள்ளியது, அது நல்லது. மற்றவை நாளும் மாதமும் இடம் மாறி, ஒரு குறையும் சொல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டன. மார்ச்சில் பிறந்தவருக்கு மே மாதம் வாழ்த்து போனது. அவர் பதிலுக்கு நன்றி சொன்னார், கூடவே கொஞ்சம் பணமும் அனுப்பினார்.