ஜாகுவார் இ-டைப்பில் பின் பிரேக் விடாமல் பிடித்தால்: ஹோஸா, காலிப்பரா?

1961-இல் வந்த ஜாகுவார் இ-டைப் காரில் பின் பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை. டிஃபரன்ஷியலை (பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் கியர் பெட்டியை) ஒட்டி உள்ளே இருக்கின்றன. அதனால் டிஸ்க்கின் மீது பேடை அழுத்தும் காலிப்பரைக் கழற்றுவது பெரிய வேலை. பிரேக் திரவம் போகும் ரப்பர் ஹோஸ் மாற்றுவது மலிவு. ஆனால் மலிவு என்பதற்காக அதில் தொடங்காதீர்கள்.

ஹேண்ட்பிரேக்கை முதலில் தளர்த்துங்கள். அதற்குத் தனி பேட் உண்டு. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பிரேக்கை மிதித்துக் காலை எடுத்து, பின் பிரேக்கின் பிளீடர் நிப்பிளை (திரவத்தை வெளியே விடும் சிறு திருகை) திறங்கள். சக்கரம் உடனே விடுபட்டால் அழுத்தம் சிக்கியிருக்கிறது: உள்ளே உப்பிய ஹோஸ்மீதுதான் என் முதல் சந்தேகம், அப்புறம் மிதியின் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர். இரு பக்கத்துக்கும் ஒரே ஹோஸ் என்பதால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இழுக்கும்.

திறந்தும் ஒரு பக்கம் விடவில்லையா? காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கும். சரி, காலிப்பர் வேலைதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிஸ்டனே போடுங்கள். தள்ளிப்போட்டால், விடாமல் பிடிக்கும் பிரேக்கின் சூடு டிஃபரன்ஷியல் ஆயில் சீலையும் கெடுத்துவிடும்.