மங்கலான மோர்ஸ் சிக்னலுக்கு எந்தச் சுருதி? 450 ஹெர்ட்ஸில் கேட்டுப் பழகிய அனுபவம்

அமெச்சூர் வானொலியில் மோர்ஸ் கேட்பவர்களில் பலர், ரிசீவர் எந்தச் சுருதியில் (புள்ளியும் கோடும் காதில் ஒலிக்கும் அதிர்வெண்) கைக்கு வந்ததோ அதே சுருதியில், அதாவது 600 அல்லது 700 ஹெர்ட்ஸில், கடைசிவரை கேட்டுவிடுகிறார்கள். மதுரைக்கு மேற்கே நாகமலைப் புதுக்கோட்டையில் உள்ள என் நிலையத்தில் பல ஆண்டுகளாக 450 ஹெர்ட்ஸை ஒட்டியே கேட்டு வருகிறேன். இரைச்சலோடு இரைச்சலாகக் கிடக்கும் சிக்னலைப் பிடிக்க எனக்கு இதைவிடத் தோதான இடம் அகப்படவில்லை.

காரணம் காதிலேயே இருக்கிறது. உட்செவி ஒலியைப் பல குறுகிய ஃபில்டர்கள் வழியே பிரித்துக் கேட்கிறது. சுருதி ஏற ஏற அந்த ஃபில்டர்களின் அகலமும் கூடுகிறது. செவிப்புலன் ஆய்வாளர்களான கிளாஸ்பர்க், மூர் ஆகிய இருவரும் 1990-இல் வெளியிட்ட சூத்திரப்படி, 450 ஹெர்ட்ஸில் அந்த அகலம் சுமார் 73 ஹெர்ட்ஸ், 800 ஹெர்ட்ஸில் சுமார் 111 ஹெர்ட்ஸ். தாழ்ந்த சுருதியில் சிக்னலோடு சேர்ந்து நுழையும் இரைச்சல் அந்த அளவுக்குக் குறைகிறது. கணக்குப் பார்த்தால் இரண்டு டெசிபல்கூடத் தேறாத லாபம்தான். ஆனால், எதிர்முனையின் அழைப்புக் குறியில் (நிலையத்தின் அடையாளப் பெயர்) ஓர் எழுத்து விளங்குவதும் விளங்காமல் போவதும் அந்த இரண்டு டெசிபலுக்குள்தான் நடக்கிறது. ரேடியோவின் ஃபில்டர் அகலத்தை 100 ஹெர்ட்ஸுக்கும் கீழே இறுக்கிவிட்டால், காது செய்ய வேண்டிய வேலையை ரேடியோவே செய்துவிடுவதால், இந்த லாபம் பெரும்பாலும் மறைந்துவிடும்.

இதைவிடப் பெரிய பயன், நெருங்கி நிற்கும் இரண்டு நிலையங்களைப் பிரித்துக் கேட்பதில் கிடைக்கிறது. 50 ஹெர்ட்ஸ் தள்ளியுள்ள இரண்டு சிக்னல்கள் 400, 450 என்று ஒலிக்கும்போது அவற்றின் இடைவெளி சட்ஜத்துக்கும் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் (ஸ-வுக்கும் பெரிய ரி-க்கும்) உள்ள தூரம். அதே இரண்டும் 800, 850 என்று ஒலித்தால் சுத்த ரிஷபத்தையே (சின்ன ரி) எட்டிப் பிடிக்காது. அமெச்சூர்கள் பயன்படுத்தும் 40 மீட்டர் அலைவரிசையில் மாலை நெரிசலின்போது இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

குறைகளும் உண்டு. தாழ்ந்த சுருதியைச் சிறிய ஸ்பீக்கர்கள் சரியாகத் தருவதில்லை. போதாக்குறைக்கு, மதுரை வெயிலுக்கு நிறுத்தவே முடியாத மின்விசிறியின் உறுமலும் அதே பக்கம்தான் வந்து விழுகிறது. ஆகவே காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன் வேண்டியிருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் அரை மணி நேரத்துக்குள் அதன் மெத்தை வியர்வையில் ஊறிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐப்பசி இடியின் படபடப்புக்குச் சுருதி மாற்றம் மருந்தல்ல. அப்போது ஃபில்டரைக் குறுக்கினால் ஒவ்வொரு மின்னலும் மணியடித்தாற்போல் ரீங்கரிக்கும் என்பதால், 500 ஹெர்ட்ஸுக்கு அகட்டி ஆர்.எஃப். கெயினை (ஆன்டெனா சிக்னலை ரிசீவர் பெருக்கும் அளவு) குறைப்பதே மேல்.

உங்கள் காதுக்கு ஏற்ற இடத்தைத் தேட, மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் பகல் பொழுதைப் பரிந்துரைக்கிறேன். தெரு முழுவதும் எல்.இ.டி. விளக்குகளும் இன்வெர்ட்டர் சார்ஜர்களும் அடங்கியிருக்க, பேட்டரியில் ரேடியோவைப் போட்டு, நிதானமாக வரும் ஒரு நிலையத்தை ஆர்.எஃப். கெயினைக் குறைத்து மங்கச் செய்து, சுருதியை 700-இலிருந்து 350 வரை மெல்ல இறக்கிப் பாருங்கள். தாழ்ந்த ஒலிகளுக்குக் காதின் உணர்திறன் குறைவு என்பதால் இறக்கும்போதே வால்யூமைச் சற்று ஏற்றிக்கொள்ள வேண்டும். ஐகாம் 7300 போன்ற கருவிகளில் 300 முதல் 900 வரை சுருதியை மாற்றலாம். ஃபில்டரின் மையமும் சைடுடோனும் (நாம் அனுப்பும்போது நமக்கே கேட்கும் ஒலி) கூடவே நகரும். பழைய கிரிஸ்டல் ஃபில்டர் ரிசீவரில் டியூனிங்கை மட்டும் திருகிச் சுருதியை இறக்கினால், சிக்னல் ஃபில்டரின் ஓரத்துக்குப் போய் இன்னும் மங்கிவிடும், பி.எஃப்.ஓ.வையும் (சிக்னலோடு கலந்து கேட்கும் ஒலியை உண்டாக்கும் உள் அலையாக்கி) சரிசெய்ய வேண்டும்.

வேகமும் கணக்கில் வரும். நிமிடத்துக்கு 30 சொல் வேகத்தில் ஒரு புள்ளியின் நீளம் 40 மில்லிசெகண்ட். 350 ஹெர்ட்ஸில் அதற்குள் 14 அலைகளே அடங்கும். புள்ளிகளின் ஓரம் மழுங்கியதுபோல் எனக்குக் கேட்பதால், அத்தகைய வேகக்காரர்களுக்கு மட்டும் 550-க்கு ஏற்றிக்கொள்கிறேன்.