குரக்கன் மா பைக்கற்: கொலஸ்ட்ரோலுக்காக வாங்குபவர் கவனிக்க

இரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ரோல் கூடிவிட்டால் யாழ்ப்பாணத்து வீடுகளில் இராச்சாப்பாடு குரக்கன் (கேழ்வரகு) பிட்டாக மாறிவிடுகிறது. கடைகளில் இந்த மா மூன்று விதமாகக் கிடைக்கிறது: தனிக் குரக்கன் மா, அரிசி மாவோ கோதுமை மாவோ கலந்த பிட்டு மா, சீனி சேர்த்த உடனடிக் கஞ்சி மா. கொலஸ்ட்ரோலுக்காக வாங்குபவருக்கு முதலாவதே சரி. மூன்றாவதை எடுக்கவே வேண்டாம். அதிலுள்ள சீனி, இரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைட்டை ஏற்றும். பனங்கட்டி என்றால் பரவாயில்லை என்பதும் வெறும் ஆறுதல்தான்.

பைக்கற்றின் பின்பக்கத்தில், அளவில் கூடிய பொருள்தான் முதலில் எழுதப்பட்டிருக்கும். அங்கே கோதுமை மா முன்னுக்கு நின்றால் முன்பக்கத்துக் குரக்கன் கதிர் வெறும் படம். சந்தேகமென்றால் ஒரு பிடி மாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்து இழுத்துப் பாருங்கள். தனிக் குரக்கன் வெடித்து உடையும். கோதுமை கலந்திருந்தால் இழுபடும். செம்பழுப்புப் பொட்டுகள் தெரிந்தால் தோலோடு அரைத்த மா. சீராக வெளிறியிருந்தால் தவிட்டை அரித்து எடுத்திருக்கலாம். நாரும் அதோடு போயிருக்கும்.

முழுக் குரக்கன் மா 100 கிராமில் ஏறத்தாழ 11 கிராம் நார் உண்டு. வெள்ளைக் கோதுமை மாவுக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் அதில் பெரும்பகுதி கரையாத நார். எல்டிஎல்லைக் குறைக்க உதவுவது கரையும் நார்தான்: அது குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்ற, புதிதாகப் பித்தம் சுரக்க ஈரல் இரத்தத்திலிருக்கும் கொலஸ்ட்ரோலை எடுத்துக்கொள்கிறது. இந்த வேலையில் ஓட்ஸும் பார்லியும் குரக்கனை முந்திவிடும். தினமும் 75 கிராம் ஓட்ஸ் சாப்பிட்டால் கிடைக்கும் சுமார் 3 கிராம் பீற்றா குளுக்கன் என்ற கரையும் நார் எல்டிஎல்லை 5 முதல் 7 சதவீதம் வரை இறக்கக்கூடும். குரக்கன் நல்ல மாற்று மா. அதை மருந்து என்று விற்பதுதான் பிழை.

உண்மையில் பிட்டின் கணக்கைக் குழப்புவது தேங்காய்ப்பூ. 100 கிராம் தேங்காய்ப்பூவில் எல்டிஎல்லை ஏற்றும் நிறைகொழுப்பு மட்டும் 30 கிராம் அளவு. 2,000 கலோரி உண்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நாள் வரம்பே சுமார் 22 கிராம்தான். பாதித் தேங்காயைத் துருவி இரண்டு பேருக்கு அவித்து, மேலே முதற்பால் சொதியும் ஊற்றினால் எந்த மாவாலும் ஈடுகட்ட முடியாது.

இருவருக்கு 150 கிராம் குரக்கன் மா, 50 கிராம் வறுத்த சிவப்பரிசி மா, உப்பு, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ போதும். கொதிநீரை விட்டால் மா களியாகிக் கட்டிபடும். இளஞ்சூட்டு நீரைத் தெளித்துத் தெளித்து, பிடித்தால் பிடிபட்டு அழுத்தினால் உதிரும் பதத்துக்குக் குழையுங்கள். தண்ணீர் குறைந்தால் நடுவில் மா வேகாமல் நிற்கும். நீத்துப்பெட்டியில் அமுக்காமல் போட்டு, ஆவி வந்தபின் 10 முதல் 12 நிமிடம் அவியுங்கள். தேங்காய்ப்பூவைக் குறைத்ததால் வரும் வறட்சிக்குப் பயற்றங்கறி நல்லது. கரையும் நாரும் அதில் கிடைக்கும். வெண்டிக்காய்க் குழம்பும் அப்படியே, பொரிக்காமல் வைத்தால். பொரித்த கத்தரிக்காய் இங்கே சரிவராது.

பலன் தெரிய 6 முதல் 12 கிழமை விட்டு மறுபடி பரிசோதியுங்கள். வைத்தியர் தந்த குளிசையைப் பிட்டை நம்பி நிறுத்தக்கூடாது.

பைக்கற்றா, மில்லா என்று கேட்டால் எமது தெரிவு மில்தான். முழுக் குரக்கனை வாங்கி, அரித்துக் கல் நீக்கி, கழுவி நன்றாகக் காயவைத்து அரைப்பியுங்கள். ஈரம் நின்றால் மா சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு மாதத்துக்குத் தேவையானதற்கு மேல் அரைக்க வேண்டாம், நாட்பட்டால் கசக்கும். மிளகாய்த்தூள் அரைத்த கையோடு உங்கள் குரக்கனைப் போட விடாதீர்கள். இயந்திரத்தில் ஒட்டிய தூள் போக, இடையில் யாராவது அரிசி அரைத்து முடியும்வரை காத்திருங்கள்.