ஆங்கரின் ப்ரொய் இளவரசி: மியூசியம் தரும் இலவச ஃபைலும் அதன் பிரிண்டும்

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017 முதல், காப்புரிமை முடிந்த ஓவியங்களின் படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டிருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் ஆங்கர் (Ingres) 1851–53இல் வரைந்த ப்ரொய் இளவரசியும் (Princesse de Broglie) அதில் உண்டு. ஃபைல் அருமை. பிரிண்டைக் கெடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு நாம் செய்கிற வேலைதான்.

முதலில் அளவு. மூலம் 121.3 × 90.8 செ.மீ., கிட்டத்தட்ட 4:3. அதனால் 18 × 24 அங்குலத்தில் வெட்டாமல் உட்காரும். ஏ2 தாள் இதைவிட ஒடுக்கம்; தாள் முழுக்க நிரப்பச் சொன்னால் பக்கவாட்டில் வெட்டு விழும். வெள்ளை ஓரம் விடச் சொல்லுங்கள். 18 × 24க்கு 200 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 200 புள்ளி) வேண்டுமென்றால் 3600 × 4800 பிக்சல் தேவை. 150க்குக் கீழே போனால் லேஸும் முத்து வளையலும் குழைந்துவிடும்.

கேன்வாஸ் வேண்டவே வேண்டாம். ஆங்கரின் சிறப்பே தூரிகைத் தடம் தெரியாத வழவழப்பு. தோளிலும் கையிலும் நிழல் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. துணியின் நெசவு அந்தத் தோல்மேல் சொரசொரவென்று ஏறிவிடும். போதாததற்கு, சட்டத்தில் மடித்து அடிக்கும்போது ஒவ்வொரு பக்கமும் மூன்று நான்கு செ.மீ. உள்ளே போகும், வலது மேல்மூலையில் இருக்கும் குலச்சின்னம் பக்கவாட்டுக்குத் திரும்பிவிடும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள, வழவழப்பான, ஆனால் பளபளக்காத மேட் பருத்திக் காகிதம்தான் இதற்குச் சரி.

நிறத்தில் தகராறு நீல சாட்டினால் வருகிறது. அச்சில் அது ஊதா பக்கம் சாயும். அச்சகத்தின் ஐசிசி புரொஃபைலை (அவர்கள் பிரிண்டரும் காகிதமும் நிறத்தை எப்படிக் காட்டும் என்று சொல்லும் ஃபைல்) வாங்கி சாஃப்ட் ப்ரூஃப் பாருங்கள், அதாவது அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே பாருங்கள். பாவாடை மடிப்பு, முகம், சாம்பல் சுவர் மூன்றும் வருகிற சிறு துண்டை முதலில் அடித்து, பகல் வெளிச்சத்தில் திரையோடு ஒப்பிடுங்கள். சுவரில் இளஞ்சிவப்பு தட்டினால் முகமும் தப்பாகத்தான் இருக்கும். தானாக நிறம் திருத்தும் ஆட்டோ கலர், விளிம்புகளைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங் இரண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஷார்ப்பனிங் ஏறினால் மடிப்புகளின் வெள்ளை மினுக்கைச் சுற்றிக் கோடு விழுந்து, பட்டு தகரமாகிவிடும்.

கண்ணாடி போடுவதானால் பிரதிபலிக்காத வகை போடுங்கள். கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவில் மவுண்ட் அட்டையும் (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டைச் சட்டம்) இருக்கட்டும். காகிதம் கண்ணாடியில் ஒட்டக்கூடாது.